ஒரு செங்கல் ஓட்டு

ஊரில் பெட்டிக்கடை என்றால் பீடி, சோடா, வாழைப்பழம். நான் மனாமாவில் வைத்திருப்பது நிஜமான பெட்டிக்கடை. சூட்கேஸ், தோள்பை, இரும்பு டிரங்கு, சக்கரம் வைத்தது, வைக்காதது எல்லாம் கிடைக்கும். பாப் அல் பஹ்ரைன் வளைவுக்குள் நுழைந்து ‘தொண்டி அலாவுதீன் கடை’ என்று எந்த மலையாளியிடம் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவான். செய்கு அலாவுதீன் என்பது முழுப்பேர். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. சூக் என்று சொல்கிற இந்தக் கடைத்தெருவில் தலையில் மூட்டை சுமந்த நான் இதே சூக்கில் மூன்று கடைக்கு முதலாளி ஆனேன். யார் கையையும் பிடித்து ஏறவில்லை. இந்த ஊரிலிருந்து விமானம் ஏறிய தமிழனில் பாதிப் பேர் என் பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு போயிருப்பான். இதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது அம்மையப்பனுக்காக. என்னைப் பற்றி எழுத வேறொரு நாள் வேண்டும்.

அம்மையப்பன் மனாமாவிலேயே ஜுஃபேர் பக்கம் ஒரு லாண்டரியில் வேலை பார்த்தவன். திருவாடானைக்குப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் தொண்டியிலிருந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் கால் நீட்டுவதற்குள் வந்துவிடும். அங்கே அவன் அப்பன், பாட்டன் எல்லோருக்கும் துணி வெளுக்கிறதுதான் தொழில். ஊருக்குள் அவன் என்னைப் பார்த்திருந்தால் ‘மொதலாளி’ என்று சொல்லித் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்திருப்பான். இங்கே வந்த இடத்தில் நான் ‘அண்ணே’ ஆனேன். முதல் லீவில் போகும்போது என் கடைக்குப் பெட்டி வாங்க வந்தான். அன்றிலிருந்து என் சட்டையெல்லாம் அவன் கையில்தான்.

ஆள் குட்டை. கை மட்டும் பெரிசு. எந்நேரமும் தண்ணீரில் கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி இருக்கும். லாண்டரியில் எல்லார் சட்டைக் காலருக்கு உள்ளேயும் அழியாத மையால் நம்பர் போடுவார்கள், துணி மாறிப் போகாமல் இருக்க. அம்மையப்பன் எனக்கு மட்டும் நம்பர் போட மாட்டான். சின்னதாக ஒரு பெட்டி வரைவான். நாலு கோடு, மேலே ஒரு கைப்பிடி. “நீங்க பெட்டிக்காரக, ஒங்களுக்கு எதுக்கு நம்பரு?” என்பான். அந்தப் பெட்டி என் கழுத்துக்குப் பின்னால் இருபது முப்பது வருஷம் இருந்தது.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை. கேட்டால் சிரிப்பீர்கள், நானும் சிரித்தவன்தான். வாழ்நாளில் ஒரு தடவை ஓட்டுப் போட வேண்டும் என்பது அவன் ஆசை.

அவன் முதன்முதலில் ஓட்டுப் போடப் போனது இருபத்தொரு வயதில். அப்போதெல்லாம் அந்த வயசுதான் கணக்கு. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று, வெயிலில் காய்ந்து, மேசைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறான். அம்மையப்பன் ஓட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டது என்றார்கள். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர் கூப்பிட்டு, “ஒங்க தெரு ஓட்டையெல்லாம் காலையிலேயே போடச் சொல்லிட்டேனப்பா. வெயில்ல எதுக்கு வந்தே?” என்றாராம். அதட்டவில்லை, அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். அதுதான் அவனுக்கு ஆறவே இல்லை. மறுநாள் அவர் வேட்டியை அவன்தான் வெளுத்தான்.

அதற்குப் பிறகு பஹ்ரைன் வந்துவிட்டான். இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. எலக்‌ஷன் எப்போதும் அவன் லீவுக்கு முன்னாலோ பின்னாலோ வரும். ஊருக்குப் போய் இறங்கினால் அவன் பெண்சாதி மீனாம்பாள் விரலில் மை இருக்கும். நகத்தோடு வளர்ந்து வளர்ந்து நுனிக்கு வந்திருக்கும். அவள் அந்த விரலால்தான் அவனுக்குத் தட்டில் சோறு தள்ளுவாளாம். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன் என்று ஒருமுறை என்னிடம் சொன்னான். ஒரு தடவை விசா கொடுத்த கஃபீலிடம் கெஞ்சி, வேறு ஒருவன் வேலையையும் சேர்த்துச் செய்து, சரியாக எலக்‌ஷனுக்கு லீவு வாங்கிப் போனான். போன இடத்தில் பெயரையே எடுத்துவிட்டிருந்தார்கள். ஊரிலேயே குடியிருக்காதவனுக்கு ஊரில் ஓட்டு கிடையாது, அதுதான் சட்டம் என்றார்கள். சட்டம் அப்படித்தான். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் எல்லோருக்கும் அதே கதி. எனக்கும் அதே கதிதான். நான் கவலைப்பட்டதில்லை. ஓட்டுப் போட்டா நான் முன்னுக்கு வந்தேன்?

2006-ஆம் வருஷம் கடைசியில் பஹ்ரைனில் எலக்‌ஷன் வந்தது. பாராளுமன்றத்துக்கும் முனிசிபாலிட்டிக்கும் ஒரே நாளில். தெருவுக்குத் தெரு முகம் போட்ட பேனர் கட்டினார்கள். காலி மனைகளில் பெரிய பெரிய கூடாரம் அடித்துத் தரைக்கு விரிப்பு, சுற்றிலும் மெத்தை, காவா என்கிற அரபிக் காப்பி, பேரீச்சம்பழம் என்று வேட்பாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் காரில் போகும்போது கண்ணாடியை இறக்கிப் பார்த்ததோடு சரி. ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் அம்மையப்பன் கடைக்கு வந்தான். கையில் துணி இல்லை. முகம் மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது.

“அண்ணே, ஒங்களுக்கு இங்க ஓட்டு இருக்கு. தெரியுமா?”

“எனக்கா? என் பாஸ்போர்ட்டுல நம்ம நாட்டுச் சிங்கமுல்லடா இருக்கு.”

“சிங்கம் இருந்தா என்ன? ஃப்ளாட்டு இருக்குல்ல. இங்க சொந்தமா வீடு வெச்சிருக்கிற வெளிநாட்டுக்காரகளுக்கும் முனிசிபாலிட்டி ஓட்டு மட்டும் உண்டாம். நம்மகிட்ட தோப் அங்கி இஸ்திரிக்குப் போடுற அரபிதான் சொன்னாரு. ஆபீஸ்ல வேலை பாக்குறவரு, பொய் சொல்ல மாட்டாரு.”

ஃப்ளாட் இருந்தது உண்மை. வெளிநாட்டுக்காரனும் சொந்தமாக வாங்கலாம் என்று ஜுஃபேரில் திறந்துவிட்டதும், தொண்டிக்காரர்களில் முதல் ஆளாக வாங்கியவன் நான். அம்மையப்பன் லாண்டரிக்கு நேர் பின்னால் இருக்கிற பில்டிங். பால்கனியில் நின்றால் கடல் தெரியும், கீழே பார்த்தால் அவன் காயப்போடும் போர்வைகள் தெரியும். பில்டிங் ஆபீஸுக்கு போன் போட்டுக் கேட்டேன். ஆமாம், சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் கொடுத்தாகிவிட்டது, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றான். காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவது என் வழக்கம். அதில் ஓட்டும் ஒன்று போல.

அதைக் கேட்டதும் எனக்கு இரண்டு பழைய ஞாபகம் வந்தது. நான் முதலில் மூட்டை தூக்கின கடையில் குஜராத்திக் கிழவர் ஒருவர் இருந்தார். இங்கிலீஷ்காரன் செல்வாக்கு இருந்த காலத்திலேயே மனாமாவில் முனிசிபாலிட்டிக் கவுன்சில் உண்டு, ஒவ்வொரு சமூகத்துக்கும் அதில் நாற்காலி உண்டு என்று சொல்வார். வீடும் கடையும் வைத்து வரி கட்டுகிறவனுக்கு ஓட்டு. வீடு சொந்தமாக வைத்திருக்கிற பெண்பிள்ளைக்குக்கூட உண்டாம். அந்த வீட்டுக்குக் கல் சுமந்தவனுக்குக் கிடையாது. அவர் அதைச் சொன்னபோது என் தலையில் மூட்டை இருந்தது.

இன்னொன்று என் வாப்பா சொன்னது. வாப்பா ஜட்கா வண்டிக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் ராமநாதபுரத்தில் ஜில்லா போர்டு எலக்‌ஷன் என்றால் வீட்டு வரி கட்டுகிற பெரிய மனிதர்களுக்குத்தான் ஓட்டு. அவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேட்பாளர்கள் ஊரிலிருக்கிற ஜட்காவையெல்லாம் பிடித்துவிடுவார்கள். குதிரைக்குக் கொள்ளும் வாப்பாவுக்குச் சாப்பாடும் அவர்கள் செலவு. வாப்பா ஒரே நாளில் ஊரின் பாதி ஓட்டைத் தன் வண்டியில் ஏற்றி இறக்கியிருக்கிறார். வாசலோடு சரி. உள்ளே என்ன பெட்டி, என்ன நிறம் என்று அவருக்குத் தெரியாது. குதிரையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பார்.

அம்மையப்பனிடம் வாப்பா கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த ஒரு சூட்கேஸின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான்.

“அண்ணே, அந்த ஃப்ளாட்டுல ஒரு செங்கல்லை என் பேருக்கு எழுதித் தருவீகளா?”

“என்னது?”

“ஒரே ஒரு செங்கல்லுண்ணே. ஓட்டுப் போட்டதும் திருப்பித் தந்துர்றேன்.”

நான் சிரித்த சிரிப்பில் கடைப் பையன்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு அடங்கியது. விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்தச் சுவரில் எந்த இடத்துச் செங்கல் என்று யோசித்தே வந்திருப்பான் போல.

பில்டிங் ஆபீஸுக்குப் போய் விசாரித்தேன். செங்கல் என்று சொல்லாமல், கூட்டாக ஒரு ஆளைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பெயர் சேர்க்கும் நாள் எப்போதோ முடிந்துவிட்டது, கலாஸ், இனி அடுத்த எலக்‌ஷனுக்குத்தான் என்றார்கள். லாண்டரிக்குப் போய் அதைச் சொன்னேன். அடுத்த தடவை வரட்டும், செங்கல் என்ன, ஒரு பாத்ரூமையே எழுதித் தருகிறேன் என்றேன்.

“பாத்ரூம் ஓட்டு செல்லுமாண்ணே?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். ஆனால் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் ஒரு கணம் அதிகமாக நிறுத்திவிட்டான். லேசாகக் கருகின வாடை வந்தது. அவன் கையில் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கொடுக்கிற விஷயத்தில் நான் கை சுருக்குகிறவன் இல்லை, தொண்டியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அங்கேயே சொன்னேன். “அம்மையப்பா, யாருக்குப் போடணும்னு நீ சொல்லு. நான் போட்டுட்டு வர்றேன். கை என்னோடது, ஓட்டு ஒன்னோடது.”

அவன் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு அவனைப் பார்க்க வேண்டுமே. சாயங்காலம் வேலை முடிந்ததும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கூடாரம் கூடாரமாகப் போக ஆரம்பித்தான். லாண்டரிச் சந்தில் சாக்கடைத் தண்ணீர் தேங்கி, காயப்போட்ட போர்வையின் நுனியெல்லாம் நனைகிறது என்ற ஒரே கேள்வியைத்தான் எல்லா வேட்பாளரிடமும் தன் லாண்டரி அரபியில் கேட்டிருக்கிறான். அவன் அரபியில் சட்டை, தலைப்பாகை, கறை, நாளைக்கு என்ற நாலு வார்த்தைதான் சுத்தமாக வரும். மீதியைக் கையால் காட்டியிருப்பான். ஒருவர் சிரித்துவிட்டுக் காவா கொடுத்தாராம். ஒருவர் எழுதிக்கொள்ளச் சொன்னாராம். ஒருவர் எழுந்து வந்து அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உன் ஓட்டை எனக்குக் கொடு என்று கேட்டாராம்.

“ஒனக்கு ஓட்டு இல்லைன்னு அவர்கிட்ட சொன்னியா?”

“சொல்லலண்ணே. கையைப் பிடிச்சுக் கேட்டாரு. இம்புட்டு வயசுல என்கிட்ட யாருமே கேட்டதில்ல. சரி, யோசிக்கிறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

எலக்‌ஷன் சனிக்கிழமை. காலையில் அம்மையப்பன் என் ஃப்ளாட்டுக்கு வந்தான். வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். மாப்பிள்ளைக்குக் கொண்டுவருகிற மாதிரி இருக்கிறதே என்று என் வீட்டுக்காரி ரஹீமா பீவி கேட்டாள். சட்டையைப் போட்டுக்கொண்டு, சரி, சொல்லு, யாருக்கு என்று கேட்டேன்.

அவன் என் சட்டைத் தோளில் இல்லாத தூசியைத் தட்டினான்.

“நீங்களே போடுங்கண்ணே.”

“என்னடா இது? அத்தனை கூடாரம் ஏறி எறங்குனியே.”

“ஏறி எறங்குனது எனக்காக. நேத்து ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். ஒங்க ஓட்டை நான் போட்டா, என் ஓட்டை எங்க ஊருப் பெரியவரு போட்ட மாதிரிதானே? அவரும் நல்லதுன்னு நெனச்சுத்தான் போட்டாரு.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். “அது எனக்கு வேண்டாம். வாசல் வரைக்கும் என்னையக் கூட்டிட்டுப் போங்க. அது போதும்.”

நான் பேச்சில் யாருக்கும் தோற்றவன் இல்லை. சூக்கில் ஈரானியிடமும் பாகிஸ்தானியிடமும் பேசி ஜெயித்தவன். அன்றைக்கு அந்த லாண்டரிக்காரன் ஜெயித்தான். கார்ச் சாவியை எடுத்தேன்.

ஓட்டுச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். போய்ச் சேர்ந்தால் கூட்டம் எனக்கே ஆச்சரியம். அபாயா போட்ட பெண்கள் தனி வரிசையில் சுவரைச் சுற்றி நின்றார்கள். சக்கர நாற்காலியில் ஒரு கிழவரைப் பேரன்மார் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இந்த வெயிலுக்கும் நெரிசலுக்கும் இவர்கள் எதற்கு இப்படி வருகிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் பில்டிங்கில் எத்தனையோ வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் உண்டு. ஒரு முகத்தைக்கூட அங்கே காணோம். நானும் அம்மையப்பன் இல்லாவிட்டால் அந்நேரம் கடையில் இருந்திருப்பேன்.

ஆண்கள் வரிசையில் அவனும் என் பின்னாலேயே நின்றான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஆளாக நகர நகர அவனும் நகர்ந்தான். வாசலில் போலீஸ்காரர் பாஸ்போர்ட் கேட்டார். என்னுடையதைக் காட்டினேன். அவனைப் பார்த்தார். அவன் அதற்குள் தானாகவே ஓரமாக ஒதுங்கி, வாசல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். உள்ளே போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். குதிரை ஒன்றுதான் இல்லை. வாப்பா நின்ற நிற்பு அதுதான்.

உள்ளே மேசையில் இருந்த அதிகாரி என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். நான் இடது கையை நீட்டி ஆள்காட்டி விரலை மேசைமேல் வைத்தேன். அவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடி பட்டிருக்கிறதா என்று அரபியில் கேட்டார். “மை, மை” என்றேன். அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார். அவரும் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் யல்லா ஹாஜி என்று சிரித்துக்கொண்டே என் பாஸ்போர்ட்டைத் திறந்து ஒரு முத்திரை குத்தித் தந்தார். இங்கே அதுதான் அடையாளம், விரலுக்கு ஒன்றும் கிடையாது. எனக்குப் பின்னால் நின்ற அரபிகள் என் விரலைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனேன். பென்சிலை எடுத்துக் குறி போட்டேன். யாருக்குப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். என் வாழ்க்கையில் நான் வெளியே சொல்லாத விஷயம் அது ஒன்றுதான். அம்மையப்பன் கேட்கவும் இல்லை. பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். எத்தனை பெட்டி விற்றவன் நான். எதைப் பார்த்தாலும் பூட்டு சரியில்லை, கீல் ஆடுகிறது என்று குறை சொல்லுகிறவன். அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. சீட்டைப் போட்டேன். அடியில் போய் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அதற்குள் நிறையச் சீட்டு இருந்தது.

வெளியே வந்ததும் அம்மையப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்து விரலைப் பார்த்தான்.

“வெக்கலையாண்ணே?”

“இங்க அது இல்லையாம். பாஸ்போர்ட்டுல குத்திட்டான்.”

பாஸ்போர்ட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தான். முத்திரை இன்னும் காயவில்லை. அவனுடைய ஆள்காட்டி விரல் அதன் ஓரத்தில் மெதுவாகப் பட்டது. தெரிந்து பட்டதா தெரியாமல் பட்டதா என்று நான் கேட்கவில்லை. வெளுத்துச் சுருங்கின அந்த நுனியில் நீலமாக ஒரு கீற்று ஒட்டிக்கொண்டது. அவன் பாஸ்போர்ட்டை மூடிப் பத்திரமாக என் சட்டைப் பையில் வைத்தான். காரில் திரும்பும்போது அந்தக் கையை மட்டும் மடிமேல் மல்லாத்தி வைத்திருந்தான்.

மத்தியானம் பால்கனியிலிருந்து பார்த்தேன். லாண்டரிச் சந்தில் ஒற்றைக் கையால் துணி அலசிக்கொண்டிருந்தான். இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. கூட வேலை பார்க்கிற பெங்காலி, என்ன பாய், கையில் வலியா என்று கேட்ட சத்தம் எனக்கு மேலே வந்தது.

சாயங்காலம் துணி கொடுக்க வந்தபோது அவன் விரலைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

“ஒரு டபுள் போர்வை வந்துச்சுண்ணே,” என்றான். “ரெண்டு கையும் வேணும்ல.”

அதற்குப் பிறகு அவன் மாறிப் போனான் என்று சொல்ல முடியாது. அதே வேலை, அதே சிரிப்பு. ஆனால் அடுத்த தடவை பாத்ரூம் எழுதித் தருகிறேன் என்று நான் வேடிக்கைக்குச் சொன்னால் முன்போலச் சிரிப்பதில்லை. நம்ம ஊர்ல செங்கல் கேக்க மாட்டாகண்ணே, ஆளு இருந்தாப் போதும் என்பான். 2008-இல் ஒரு நாள் விசாவை கேன்சல் பண்ணிவிட்டேன் என்று வந்து நின்றான். இன்னும் நாலு வருஷம் உழைக்கத் தெம்பு உள்ளவன். பிள்ளைகளும் இருந்து சம்பாதிக்கச் சொன்னார்களாம். ஏண்டா இந்த அவசரம் என்று திட்டினேன். ஊரில் போய்க் குடியிருந்தால்தான் பெயர் சேர்ப்பார்கள், அடுத்த வருஷம் எலக்‌ஷன் வருகிறது என்றான். கடையில் இருப்பதிலேயே உசத்தியான பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். விலை சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அந்தப் பெட்டியின் மூலையில் அவனே பேனாவை எடுத்துச் சின்னதாக ஒரு பெட்டி வரைந்துகொண்டான். நாலு கோடு, ஒரு கைப்பிடி.

அவன் போன பிறகு லாண்டரிக்குப் புது ஆள் வந்தான். நல்ல பையன்தான். வேலையும் சுத்தம். பால்கனியில் நின்று கீழே பார்த்தால் போர்வைகள் காய்கின்றன. சந்தில் தண்ணீர் தேங்குவதில்லை. முனிசிபாலிட்டி வந்து குழாய் போட்டது. அதைச் சொல்லலாம் என்று வாய் வரை வரும், கீழே ஆள் இருக்காது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் கடை வாசலைப் பார்ப்பது மட்டும் எனக்கு இன்னும் நிற்கவில்லை.

2009 மே மாதம். எங்கள் ஊர்ப் பக்கம் ஓட்டுப் பதிவு அன்றைக்கு. கடையில் கூட்டம், வரப்போகிற ஸ்கூல் லீவுக்கு ஊர் போகிற குடும்பங்கள். போன் அடித்தது. இந்தியா நம்பர்.

“அண்ணே, வெச்சுட்டாக.”

“யாரு? என்னத்தடா வெச்சுட்டாக?”

“மை.”

எனக்கு முன்னால் ஒரு மலையாளி சூட்கேஸைத் திறந்து மூடி விலை கேட்டுக்கொண்டிருந்தான். கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அம்மையப்பன் மூச்சு விடாமல் பேசினான். மீனாம்பாளோடு போனானாம். அதே பள்ளிக்கூடமாம். மேசைக்கு முன்னால் போய் நின்றானாம். பெயரைச் சத்தமாக வாசித்தார்களாம். ஓட்டு விழுந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லையாம்.

“வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுப் பாத்தேண்ணே. போகல. சோடா உப்புப் போட்டேன். எலுமிச்சம்பழம் தேச்சேன். அப்புறம் பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு அதுலயே விரலை விட்டேன். அசையல. கறி, டீ, கிரீஸு, ரத்தம், எத்தனை கறையை எடுத்திருக்கேன். இதை எடுக்க முடியலண்ணே.”

“கிறுக்குப் பயலே, ஆசைப்பட்டு வெச்சதை எதுக்குடா எடுக்கப் பாத்தே?”

“எடுக்க முடியாதுன்னு நானே பாத்துக்கணும்லண்ணே.”

அங்கே ஏதோ ஆடு கத்தியது. யாருக்குடா போட்டே என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

“நீங்க எனக்குச் சொன்னீகளாக்கும்?”

கடை அடைத்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். ரஹீமா பீவி என்ன யோசனை என்றாள். ஒன்றுமில்லை என்றேன். காலரைத் திருப்பிப் பார்த்தேன். பெட்டி இல்லை, நாற்பத்தேழு என்று நம்பர் எழுதியிருந்தது.